விண்கலத்துக்கு நிரல் எழுதுகிறவர்கள் பிழையே செய்வதில்லையா?

“எங்கள் நிறுவனத்தின் செயலியில் வாரம் ஒரு பிழையாவது வெளியே வந்துவிடுகிறது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் போகும் விண்கலத்துக்கு மட்டும் பிழையில்லாத மென்பொருளை எப்படி எழுதுகிறார்கள்? மொழி வேறா, ஆட்கள் வேறா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தேன். மொழியைப் பற்றிக் கேட்பதுபோல் தோன்றினாலும், பிழை செய்யாமல் நிரல் எழுத ஒரு வழி இருக்கிறதா, இருந்தால் அது ஏன் நமக்கு எட்டவில்லை என்பதுதான் உங்கள் ஆதங்கம் என்று புரிந்துகொள்கிறேன். அப்படி ஒரு வழி இல்லை. விண்கல மென்பொருளிலும் பிழை இருக்கிறது. சில பிழைகள் கலத்தையே பலி கொண்டிருக்கின்றன. அந்தத் துறையினர் அவற்றிலிருந்து என்ன கற்றார்கள் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் பத்தொன்பது ஆண்டுகளாக விமானக் கருவிகளின் மென்பொருளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். விண்கலத்துக்கு நான் நிரல் எழுதியதில்லை. ஆனால் விண்வெளித் துறையின் விசாரணை அறிக்கைகள் எங்களுக்குப் பாடநூல் மாதிரி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே அவற்றைக் கையில் கொடுத்துவிடுவேன். ஆகவே விண்கலங்களைப் பற்றி இங்கே சொல்வது அந்த அறிக்கைகளிலிருந்தும் பொதுவில் வந்த விளக்கங்களிலிருந்தும் வருகிறது. சோதனையைப் பற்றிச் சொல்வது என் கைப்பட்டது.

மொழி வேறில்லை. 2012 ஆகஸ்டில் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் மென்பொருள் ஏறக்குறைய 25 லட்சம் வரிகள். எழுதப்பட்டது நீங்கள் கல்லூரியில் படித்த அதே சி மொழியில். ஆனால் அதை எழுதும் விதத்தில் கட்டுப்பாடு மிக அதிகம். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணியாற்றிய ஜெரார்டு ஹோல்ஸ்மன் 2006-ல் பத்து விதிகளை வெளியிட்டார். ஒரு சார்பு, அதாவது ஒரு வேலையைச் செய்யும் தனி நிரல் பகுதி (function), அச்சிட்டால் ஒரு பக்கத்துக்குள், அதாவது சுமார் 60 வரிக்குள் அடங்க வேண்டும். திரும்பத் திரும்ப ஓடும் ஒவ்வொரு சுழற்சியும் (loop) அதிகபட்சம் எத்தனை முறை ஓடும் என்பதை நிரலைப் பார்த்தே நிரூபிக்க முடிய வேண்டும். ஒரு சார்பு தன்னைத்தானே அழைக்கக் கூடாது. தொடக்க வேலைகள் முடிந்தபின் புதிதாக நினைவகம் கேட்கக் கூடாது. சராசரியாக ஒவ்வொரு சார்பிலும் “இந்த மதிப்பு இப்படித்தான் இருக்க வேண்டும்” என்று கேட்டுப் பார்க்கும் இரண்டு சோதனைகளாவது இருக்க வேண்டும். நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடக் கொடுக்கக் கூடாது. படிக்கும்போது பள்ளிக்கூடக் கண்டிப்பு மாதிரி இருக்கும். நோக்கம், நிரலை இன்னொரு நிரல் முழுமையாக ஆராய்ந்து பார்க்கும் அளவுக்கு எளிமையாக வைத்திருப்பது. தேவைப்படும்போது நினைவகம் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியே எழாதபடி செய்துவிட்டால், அதற்கு விடை தேடவும் வேண்டியதில்லை.

இந்தக் கட்டுப்பாடுகள் எழுத்துப் பிழை வகைத் தவறுகளைக் குறைக்கின்றன. இதை உறுதியாகச் சொல்வேன், என் வேலையிலும் கண்டிருக்கிறேன். ஆனால் பெரிய இழப்புகள் பலவும் அந்த வகையில் வரவில்லை. அதைப் புரிந்துகொள்ள ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளம். கிளம்பி 37 வினாடி வரை ராக்கெட் ஒழுங்காகப் போனது. அதற்குள், எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று சொல்லும் வழிகாட்டிக் கருவிக்குள் ஒரு கணக்கு நடந்தது. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பை 64 பிட் தசம எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்ற வேண்டும். 16 பிட்டில் 32,767-க்கு மேல் எழுத இடமில்லை. வந்த எண் அதைத் தாண்டிவிட்டது. கருவி, வடிவமைத்தபடியே, “எனக்குக் கோளாறு” என்று அறிவித்து நின்றுவிட்டது. மாற்றுக்கு இன்னொரு கருவி இருந்தது. அதுவும் அதே நிரலை ஓட்டிக்கொண்டிருந்ததால் 72 மில்லி வினாடிக்கு முன்பே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. நின்ற கருவி அனுப்பிய கோளாறுக் குறிப்பை, முதன்மைக் கணினி பறக்கும் திசையைப் பற்றிய தரவு என்று எடுத்துக்கொண்டது. இல்லாத விலகலைச் சரிசெய்ய எஞ்சின் முனைகளை எல்லை வரை திருப்பியது. ராக்கெட் பக்கவாட்டில் சாய்ந்து, காற்றின் விசை தாங்காமல் உடைந்து, வெடித்தது. உள்ளே இருந்த நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் போயின.

இதைப் படிக்கிற யாரும் “ஒரு எல்லைச் சோதனை போட்டிருந்தால் போதுமே” என்பார்கள். அவர்கள் அதை யோசிக்காமல் இல்லை என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. அத்தகைய மாற்றத்தில் ஏழு மாறிகள் ஆபத்தானவை என்று பட்டியலிட்டிருந்தார்கள். நான்குக்குப் பாதுகாப்பு போட்டார்கள். கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருந்ததால் மூன்றை விட்டார்கள். அந்த மூன்றும் அவ்வளவு பெரிதாக வளர முடியாது என்று ஆராய்ந்து முடிவு செய்தார்கள். அந்த நிரல் முதலில் ஓடிய பழைய ராக்கெட்டான ஏரியன் 4-க்கு அந்த முடிவு சரி. ஏரியன் 5-ல் கிடைமட்ட வேகம் தொடக்கத்திலேயே ஐந்து மடங்கு விரைவாகக் கூடும். நிரல் அப்படியே எடுத்துவரப்பட்டது, அதன் அடியில் இருந்த அனுமானம் கூடவே வந்ததை யாரும் பார்க்கவில்லை. இதைவிட வேதனை, அந்தக் கணக்கே ஏரியன் 5 கிளம்பிய பிறகு தேவையில்லாதது. கவுண்ட்டவுன் நடுவில் நின்றால் வேகமாக மீண்டும் தொடங்குவதற்காக, பழைய ராக்கெட்டின் தேவைக்காக, கிளம்பியபின் 40 வினாடி ஓடும்படி விடப்பட்டிருந்தது. ஏரியன் 5-ன் பாதைத் தரவை வழிகாட்டிக் கருவிக்கான தேவைப் பட்டியலில் சேர்க்கவில்லை. எனவே அதை வைத்துக் கருவியைச் சோதிக்கவும் இல்லை. ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான குழு ஜூலை மாதமே இவற்றையெல்லாம் எழுதி வெளியிட்டது.

ஒவ்வொரு வரியும் எழுதியவர் நினைத்தபடியே ஓடியது. அவர் மனத்தில் இருந்த ராக்கெட்தான் வேறு. நான் சொல்ல விரும்பும் ஒரே விஷயம் இதுதான்: பெரிய விண்வெளி இழப்புகள் பலவற்றிலும் நிரல் தவறவில்லை, உலகத்தைப் பற்றிய ஓர் அனுமானம் தவறியது. 1999 டிசம்பரில் நாசாவின் செவ்வாய்க் கலமான மார்ஸ் போலார் லேண்டர் காணாமல் போனதும் அநேகமாக இப்படித்தான். அநேகமாக என்று சொல்லக் காரணம், இறங்கும்போது அது தகவல் எதுவும் அனுப்பும்படி அமைக்கப்படவில்லை, ஆகவே விசாரணைக் குழுவே அதை மிகச் சாத்தியமான காரணம் என்றுதான் சொன்னது. தரையைத் தொட்டதும் எஞ்சினை நிறுத்த வேண்டும். அதை அறிவிக்கும் சென்சார், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் கால்கள் விரியும் அதிர்விலேயே ஒரு கணம் “தொட்டாயிற்று” என்று சொல்லியிருக்கும். மென்பொருள் அதை நினைவில் வைத்துக்கொண்டு, 40 மீட்டர் உயரம் வந்ததும் எடுத்துப் பார்த்து எஞ்சினை நிறுத்தியிருக்கும். தரையில் கால் விரிக்கும் சோதனை நடந்தபோது அந்த சென்சாரின் கம்பிகள் மாற்றி இணைக்கப்பட்டிருந்தன. இணைப்பைச் சரிசெய்தார்கள், கால் விரிக்கும் சோதனையைத் திரும்பச் செய்யவில்லை.

“சரி, சென்சாரை நம்பாமல் சரிபார்த்துப் பயன்படுத்தலாமே” என்று அடுத்துத் தோன்றும். இங்கேதான் விஷயம் கடினமாகிறது. 2016 அக்டோபர் 19 அன்று ஐரோப்பாவின் ஷியபரெல்லி கலம் செவ்வாயில் பாராசூட்டில் தொங்கிக்கொண்டு இறங்கியது. எதிர்பாராத சுழற்சியால் அதன் அசைவை அளக்கும் கருவி ஏறக்குறைய ஒரு வினாடி உச்ச அளவிலேயே நின்றுவிட்டது. அந்த ஒரு வினாடித் தவறு கணக்கில் சேர்ந்து, உயரம் எதிர்மறை எண்ணாக வந்தது. அதாவது கலம் தரைக்கு அடியில் இருக்கிறதாம். மென்பொருள் அதை நம்பி, 3.7 கிலோமீட்டர் உயரத்தில் பாராசூட்டைக் கழற்றிவிட்டது. இங்கே தவறு, நம்பியது. இதற்கு நேர்மாறாக, 2023 ஏப்ரலில் ஜப்பானின் ஐஸ்பேஸ் நிறுவனத்தின் ஹகுட்டோ-ஆர் கலம் நிலவில் இறங்கும் வழியில் ஒரு பள்ளத்தின் விளிம்பைக் கடந்தது. தரை திடீரென்று சுமார் 3 கிலோமீட்டர் கீழே போனது. உயரமானி சரியாகவே சொன்னது. ஆனால் ஒரு நொடியில் இவ்வளவு மாற்றம் வர முடியாது, உயரமானி பழுதாகியிருக்கும் என்று மென்பொருள் அதை ஒதுக்கிவிட்டது. பூஜ்ய உயரம் வந்துவிட்டதாக நினைத்தபோது கலம் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. எரிபொருள் தீரும்வரை மெதுவாக இறங்கி, பிறகு விழுந்தது. வடிவமைப்பை இறுதிசெய்த பிறகு இறங்கும் இடத்தை மாற்றியிருந்தார்கள். அந்தப் புதிய பாதையில் இப்படி ஒரு விளிம்பு வரும் என்பது சோதனைகளில் போதுமான அளவு சேர்க்கப்படவில்லை.

ஒன்று நம்பிக் கெட்டது, இன்னொன்று சந்தேகப்பட்டுக் கெட்டது. சென்சாரை எந்த அளவு நம்பலாம் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒவ்வொரு கலத்துக்கும், ஒவ்வொரு பாதைக்கும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதுதான். நம் சந்திரயான் அனுபவமும் இதையே காட்டுகிறது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-ன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் இறங்கியபோது ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் விசையைக் கொடுத்தன, விலகல் சேர்ந்துகொண்டே போனது. அதைச் சரிசெய்யக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பும் வேகத்துக்கு மென்பொருளில் வைத்திருந்த வரம்பு அதற்கு இடம் தரவில்லை. இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் இவற்றை வெளிப்படையாகவே விளக்கினார். சந்திரயான்-3-ல் எதெல்லாம் தவறலாம் என்பதிலிருந்து வடிவமைப்பைத் தொடங்கியதாகச் சொன்னார். எஞ்சின்கள் நான்காயின, இறங்கும் பரப்பு 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் ஆனது, வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி சேர்ந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று அது இறங்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திறமை நான்கு ஆண்டுகளில் மாறிவிடவில்லை. அனுமானங்கள் தளர்த்தப்பட்டன.

ஒரே நிரலை இரண்டு கணினியில் ஓட்டினால் பயனில்லை என்று ஏரியன் காட்டியதே, இரண்டு குழுக்கள் தனித்தனியாக எழுதினால் என்ன என்று கேட்கலாம். நான் உறுதியாகப் பேசத் தயங்கும் இடம் இது. 1986-ல் மென்பொருள் ஆய்வாளர்களான ஜான் நைட்டும் நான்சி லெவசனும் ஒரே தேவைப் பட்டியலைக் கொடுத்து 27 நிரல்களைத் தனித்தனியாக எழுதவைத்து, ஒவ்வொன்றையும் பத்து லட்சம் முறை சோதித்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல் எழுதியவர்கள்கூட, தற்செயலாக நடக்கக்கூடியதைவிட அதிக முறை ஒரே இடத்தில் சறுக்கியிருந்தார்கள். கடினமான இடம் எல்லோருக்கும் கடினமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அமெரிக்க விண்ஓடத்தில் நான்கு கணினிகள் ஒரு மென்பொருளையும், ஐந்தாவது கணினி வேறொரு குழு எழுதிய மென்பொருளையும் ஓட்டின. அது வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கும் விலை உண்டு. 1981 ஏப்ரல் 10 அன்று நடக்கவிருந்த அதன் முதல் பயணம், அந்த ஐந்தாவது கணினி மற்ற நான்கோடு நேரத்தில் ஒத்துப்போகாததால் இரண்டு நாள் தள்ளிப்போனது. கணினிகளை இயக்கும்போது 67-ல் ஒரு முறை மட்டுமே எழக்கூடிய நேரப் பிசகு அது. காப்பாற்ற வைத்த ஏற்பாடே புதுச் சிக்கலுக்கும் வாசலாகலாம்.

“நூறு கோடி மணி நேரத்தில் ஒரு முறைதான் கோளாறு வரும்” என்பது போன்ற எண்களைச் சில இடங்களில் பார்த்திருப்பீர்கள். அதைச் சோதித்துக் காட்ட வேண்டுமானால் ஒரு கணினியை ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் ஓட்ட வேண்டும். ஒரு வன்பொருள் பாகத்துக்கு அப்படிக் கணக்கிட அடிப்படை உண்டு. மென்பொருளுக்கு யாராவது அத்தகைய எண்ணைச் சொன்னால், எப்படி அளந்தீர்கள் என்று கேளுங்கள்.

அப்படியானால் சோதனை எதற்கு? இதற்கு என் வாழ்க்கையிலிருந்தே ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், எரிபொருள் அளவைக் காட்டும் ஒரு கருவியை இரவு முழுக்கச் சோதனை மேடையில் ஓடவிட்டிருந்தோம். 11 மணி 5 நிமிடம் 11 வினாடி ஆனபோது ஒரே ஒரு முறை அது தானாக நின்று மறுபடி தொடங்கியது. காலையில் வந்த இளைஞர் அதைப் பதிவேட்டில் எழுதியிருந்தார். மறுபடி ஓட்டினோம், வரவில்லை. மேடையின் மின்சாரம் ஆடியிருக்கும் என்று பேசிக்கொண்டோம். “மீண்டும் நிகழவில்லை” என்று எழுதி நான்தான் கையெழுத்துப் போட்டேன். நான்கு மாதம் கழித்து வேறொரு சோதனையில் அது திரும்ப வந்தது. இந்த முறை விடாமல் தேடினோம். கருவியின் கடிகாரம் மில்லி வினாடிகளை இரண்டு 16 பிட் பாதிகளாக வைத்திருந்தது. மேல் பாதியைப் படித்துவிட்டுக் கீழ்ப் பாதியைப் படிப்பதற்கு இடைப்பட்ட சில மைக்ரோ வினாடிகளில் கீழ்ப் பாதி நிரம்பிப் பூஜ்யமானால், நேரம் பின்னோக்கிக் குதித்ததுபோல் தெரியும். கண்காணிப்பு ஏற்பாடு கருவியை மறுதொடக்கம் செய்துவிடும். கீழ்ப் பாதி நிரம்புவது 65.536 வினாடிக்கு ஒரு முறை. அதை 609-ஆல் பெருக்கிப் பாருங்கள், 11 மணி 5 நிமிடம் 11 வினாடி வரும். விடை முதல் நாள் பதிவேட்டிலேயே இருந்தது. அந்த இளைஞரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டருக்கும் இதே கதைதான். இறங்கிய சில நாட்களில் அதன் கணினி அடிக்கடி மறுதொடக்கம் ஆனது. வானிலைத் தரவைக் கையாளும் முன்னுரிமை குறைந்த பணி ஒரு பூட்டைப் பிடித்திருக்கும் (பொதுவான ஒன்றை ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டும் பயன்படுத்த வைக்கும் ஏற்பாடு அது). முன்னுரிமை மிக்க தரவுப்பாதைப் பணி அதற்காகக் காத்திருக்கும். நடுவில் இருக்கும் மற்றொரு பணி, வானிலைப் பணியை ஓடவிடாமல் செய்யும். கடைசியில் முக்கியமான பணி தன் நேரத்தைத் தவறவிடும். இதுவும் தரையில் சோதித்தபோதே அரிதாகத் தலைகாட்டியிருந்தது. வன்பொருள் கோளாறாக இருக்கும் என்று கடந்துபோனார்கள். ஆனால் அவர்கள் ஒன்றைச் சரியாகச் செய்திருந்தார்கள். என்ன நடந்தது என்று பதிந்துவைக்கும் வசதியைப் பறக்கும் மென்பொருளிலிருந்து நீக்கவில்லை. தரையில் அதே போன்ற அமைப்பு ஒன்றும் இருந்தது. காரணத்தைக் கண்டுபிடித்து, அந்தப் பூட்டின் ஓர் அமைப்பை மட்டும் மாற்றும் திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பிச் சரிசெய்தார்கள்.

பிழை வரும் என்று ஒப்புக்கொண்டு, வந்தபின் மீள வழி வைப்பதே இந்தத் துறையின் இன்னொரு பாதி. கலம் குழம்பினால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு, சூரியத் தகடுகளை வெளிச்சத்துக்குத் திருப்பி, பூமியின் கட்டளைக்குக் காத்திருக்கும். இதைப் பாதுகாப்பு நிலை என்கிறார்கள். எந்தப் புத்திசாலித்தனமான வசதியைவிடவும் இதை அதிகம் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் மற்றதெல்லாம் தோற்றபின் ஓடப்போவது இதுதான். 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1, 2023 நவம்பரில் அர்த்தமில்லாத தரவை அனுப்பத் தொடங்கியது. நினைவகச் சில்லு ஒன்று பழுதாகியிருந்தது. அதிலிருந்த நிரல் பகுதியை முழுதாக வைக்க வேறெங்கும் இடமில்லை. துண்டு துண்டாகப் பிரித்து, கிடைத்த இடங்களில் வைத்து, ஒன்றையொன்று சரியாக அழைக்கும்படி மாற்றினார்கள். 2024 ஏப்ரல் 18 அன்று முதல் துண்டை அனுப்பினார்கள். கட்டளை போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர மறுபடி அவ்வளவு நேரம். 20-ஆம் தேதி கலம் தன் நலத்தைப் பற்றி மீண்டும் தெளிவாகப் பேசியது.

உங்கள் செயலிக்கு இந்தக் கட்டுப்பாடுகள் எல்லாம் தேவையில்லை. அவற்றின் செலவை உங்கள் நிறுவனம் தாங்காது. பிழை வந்தால் மறுநாளே திருத்தி அனுப்ப உங்களால் முடியும். ஆனால் இரண்டு காரியங்கள் இன்றே முடியும். பழைய நிரலைப் புது இடத்துக்கு எடுத்துப்போகும்போது, அது எந்த எண்ணிக்கையை, எந்த நேரத்தை, எந்த வரிசையை நம்பியிருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். எழுதியதை நிரலுக்குள்ளேயே சோதனையாக வையுங்கள். அடுத்து, “மீண்டும் நிகழவில்லை” என்று மூடிய புகார்களையெல்லாம் திறந்து, ஒவ்வொன்றிலும் பதிவான நேரத்தையும் எண்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். கூடவே கடந்த மூன்று மாதத்துப் பிழைகளை இரண்டாகப் பிரியுங்கள்: நினைத்ததைத் தவறாக எழுதியவை ஒருபக்கம், தவறாக நினைத்ததைச் சரியாக எழுதியவை மறுபக்கம். எந்தப் பக்கம் கனமாக இருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள், அதிலிருந்து மேலே பேசுவோம்.